எலைஷா குக் செத்த விதங்கள்

பழைய ஹாலிவுட்டின் துணை நடிகர் எலைஷா குக் ஜூனியர் என்று யாராவது பேச்செடுத்தால் அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். ஒல்லியான குள்ள உருவம், பிதுங்கிய கண், எப்போதும் எதையோ பறிகொடுக்கப் போகிற முகம், படம் முடிவதற்குள் ஆள் காலி. எந்தப் படத்தில் யார் கையால் செத்தார், சுட்டா, கழுத்தை நெரித்தா, விஷம் வைத்தா என்று பட்டியல் போடுவது பழைய ஹாலிவுட் ரசிகர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பட்டியல் போடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் கடைசியில் ஒரு தீர்ப்பு வரும் பாருங்கள், "ஐம்பது வருஷமும் ஒரே வேஷம்" என்று, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரே முகம் என்றால் சரி. ஒரே வேஷம் இல்லை. அந்த ஆள் செத்த ஒவ்வொரு தடவையும் படத்தில் இருக்கும் இன்னொருவர் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வில்லன் எவ்வளவு கொடியவன், நாயகனுக்கு மனசாட்சி இருக்கிறதா இல்லையா, கூட்டாளிகள் எந்த விலைக்குப் போவார்கள் என்பதையெல்லாம் வசனத்தால் சொல்லாமல் குக்கின் உடம்பைக் கொண்டு சொன்னார்கள். அதை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி செய்யத் தெரிந்ததால்தான் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

1903 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே மேடை ஏறியவர். 1933இல் யூஜின் ஓ'நீலின் "ஆ, வைல்டர்னஸ்!" நாடகம் பிராட்வேயில் அரங்கேறியபோது அதில் கவிதையும் காதலுமாகத் திரியும் பள்ளிக்கூடப் பையன் ரிச்சர்டாக நடித்தது குக்தான். அப்போது அவருக்கு முப்பதை நெருங்கும் வயது. 1941இல் "த மால்டீஸ் ஃபால்கன்" படத்தில் எல்லாரும் பொடியனே, பையா என்று சீண்டுகிற அடியாள் வில்மர் வேஷம் போட்டபோது வயது 37. மீசை முளைக்காத பையன் மாதிரி தெரியும் முகத்தில், கிட்டத்தில் பார்த்தால், நடுவயதின் களைப்பு இருக்கும். அந்த முரண்தான் அவருடைய மூலதனம். பெரிய மனுஷனாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று துடிக்கிற ஒருவனை யாரும் பெரிய மனுஷனாக எடுத்துக்கொள்வதில்லை என்ற நிலைமை, வசனம் பேசுவதற்கு முன்னாலேயே அந்த முகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அந்த 1941ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்ளலாம். வார்னரில் "மால்டீஸ் ஃபால்கன்", "சார்ஜென்ட் யார்க்", ஃபாக்ஸில் "ஐ வேக் அப் ஸ்க்ரீமிங்", யூனிவர்சலில் "ஹெல்ஸாபாப்பின்". ஒரே வருஷத்தில் மூன்று ஸ்டுடியோ. நட்சத்திரங்கள் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் ஒரே ஸ்டுடியோவுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த காலத்தில், இப்படி வாசலுக்கு வாசல் போய் வேலை செய்த குணச்சித்திர நடிகர்கள் ஒரு தனி வர்க்கம். துணை வேஷத்துக்கு அறிமுகக் காட்சி, பின்கதை என்றெல்லாம் செலவழிக்கப் படத்தில் இடம் கிடையாது. கதவு திறந்து ஆள் உள்ளே வந்ததும், "இவன் இன்னான்" என்று கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் புரிந்தாக வேண்டும். அதற்குத்தான் முகத்தை வாடகைக்கு எடுத்தார்கள்.

ஆனால் கெட்டிக்கார இயக்குநர்கள் அந்த முகத்தை வைத்து ஏமாற்றவும் செய்தார்கள். "ஐ வேக் அப் ஸ்க்ரீமிங்"கில் குக் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் டெலிஃபோன் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். படம் முழுக்க அவரைக் கடந்து போகிறார்கள். பார்க்கிற நாமும் கடந்து போகிறோம். கொலையாளி அவர்தான். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனை எவனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான் என்பதிலேயே அந்தக் கொலை ஒளிந்துகொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ எடுத்த "ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்" ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல் ஓடுகிற சின்னப் படம். ஃபிலிம் நுவார் என்கிற இருண்ட குற்றப்பட வகையின் முதல் படம் என்று பலரும் காட்டுவது. அதில் குக் செய்யாத கொலைக்குத் தண்டனை வாங்கும் டாக்ஸி ஓட்டுநர். நான் செய்யவில்லை என்று நீதிமன்றத்தில் அவர் போடும் கூச்சல், அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன பத்திரிகையாளனைப் படம் முழுக்கத் தூங்கவிடாமல் துரத்துகிறது. குக் திரையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். கதையை ஓட்டுவது அந்தக் கூச்சல்.

மன்னிப்புக் கேட்க வைத்த மனுஷன்

"மால்டீஸ் ஃபால்கன்" வில்மரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. ஆளைவிடப் பெரிய மேல்கோட்டு, அதன் பைகளில் இரண்டு கைத்துப்பாக்கி. தாழ்வாரத்தில், துப்பறியும் நாயகனாக வரும் போகார்ட் பின்னாலிருந்து அந்தக் கோட்டைத் தோளுக்குக் கீழே இழுத்துவிடுகிறார். கோட்டே கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது, துப்பாக்கி இரண்டும் பறிபோகிறது. சண்டை என்று சொல்லவே முடியாத இரண்டு நொடி வேலை, ஆனால் ஒரு ஆளை அவமானப்படுத்துவதற்கு அதைவிடக் கச்சிதமான வழி வேறு கிடையாது. கோட்டு உடம்புக்குச் சரியான அளவில் இருந்திருந்தால் அந்தக் காட்சியே நடந்திருக்காது. உடை அலங்காரக்காரரும் நடிகரும் சேர்ந்து செய்த வேலை அது.

எனக்கு அதைவிட ஒரு படி மேலாகத் தெரிவது "த பிக் ஸ்லீப்" (1946). இத்தனைக்கும் அதில் ஹாரி ஜோன்ஸுக்குக் காட்சிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். துப்பறியும் மார்லோவைச் சந்தில் வைத்து அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அடி முடிந்த பிறகு இந்தச் சின்ன மனுஷன் வந்து தூக்கிவிடுகிறான். முன்னாலேயே ஏன் வரவில்லை என்று கேட்டால், இன்னொருத்தன் ஆட்டத்தில் நான் குறுக்கே விழ மாட்டேன் என்கிற மாதிரி ஒரு பதில். பயந்தாங்கொள்ளியின் சாக்கு அல்ல அது. ஹாரி ஜோன்ஸின் உலகத்துக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அதை அவன் மீறுவதில்லை. பிறகு அலுவலகத்தில் 200 டாலருக்கு ஒரு தகவலை விற்க வருகிறான். அவன் காதலிக்கும் ஆக்னஸ் அவன் அளவுக்கு மீறிப் பெரியவள் என்று மார்லோ நக்கலாக ஒரு வார்த்தை விடுகிறார். ஜோன்ஸ் கத்தவில்லை. அது அசிங்கமான பேச்சு என்று மட்டும் சொல்கிறான். மார்லோ ஒத்துக்கொண்டு வருத்தம் தெரிவிக்கிறார். படம் முழுக்க யாரிடமும் தோற்காத, எல்லாரையும் வாயாலேயே வெட்டிப்போடுகிற ஆள், ஐந்தரை அடியைத் தொடாத ஒருவனிடம் இறங்கிப் போகிறார். குக் அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருந்தால் காட்சி கெட்டுப் போயிருக்கும். கண்ணீர் விட்டிருந்தால் அதைவிட மோசம். முகவாயை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அதனால்தான் அடுத்து வருவது கனக்கிறது. கனினோ என்ற கொலைகாரன் ஜோன்ஸை மடக்கி ஆக்னஸ் எங்கே என்று கேட்கிறான். மார்லோ பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜோன்ஸ் ஒரு முகவரி சொல்கிறான். சரி, ஒரு வாய் குடி என்று கனினோ ஊற்றிக் கொடுக்கிறான். விஷம் என்பது நமக்குத் தெரியும், ஜோன்ஸுக்கும் பாதி தெரியும். அவன் சொன்ன முகவரி பொய் என்பது பிறகுதான் வெளிவருகிறது. ஆக்னஸைக் காட்டிக்கொடுக்காமல் செத்திருக்கிறான். அதுவரை கூலிக்கு வேலை பார்த்த மார்லோவுக்கு அதற்குப் பிறகு கனினோ மேல் இருப்பது கூலிக்காரனின் கோபம் அல்ல. அந்த மாற்றத்தை மார்லோ வசனமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஜோன்ஸ் செத்த விதமே சொல்லிவிடுகிறது.

"ஃபாண்டம் லேடி"யில் (1944) டிரம் வாசிப்பவராக அவர் வரும் நள்ளிரவுக் காட்சியைப் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். ராபர்ட் சியோட்மாக் இயக்கம். நிலவறை மாதிரி ஒரு இடம், புகை, கேமரா தரையோடு தரையாக. வசனமே இல்லாமல் எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வெறி ஏற ஏற டிரம்மை அடிக்கிறார். தணிக்கை விதிகள் இறுக்கமாக இருந்த காலத்தில் அந்தக் காட்சி எதைப் பற்றியது என்பது தணிக்கைக்காரர்களைத் தவிர எல்லாருக்கும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார்கள், வழக்கம்போல.

சேற்றில் ஒரு நிமிஷம்

இத்தனையும் சொன்னாலும், குக்கின் தொழில் வாழ்க்கையில் மற்றதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டில் வைக்கக்கூடிய ஒன்று உண்டு. "ஷேன்" என்ற கௌபாய் படம். 1951இல் வயோமிங்கில் ஜாக்சன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் எடுத்து, 1953இல் வெளியானது. இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் போருக்கு முன் நகைச்சுவைப் படங்களும் இசைப் படங்களும் எடுத்தவர். போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்து நார்மண்டிக் கரையிறக்கத்தையும், டாஹாவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதையும் படமெடுத்தவர். திரும்பி வந்தவருக்குத் துப்பாக்கியால் சுடுவதை விளையாட்டாகக் காட்ட மனம் வரவில்லை. அதுவரை கௌபாய் படங்களில் சுடப்பட்ட ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான், அரை வட்டம் சுழல்வான், நமக்கு முகம் தெரிகிற மாதிரி பார்த்து விழுவான். துப்பாக்கிச் சத்தம் பட்டாசு மாதிரி இருக்கும். அந்த வழக்கத்தை உடைப்பதற்கு ஸ்டீவன்ஸ் தேர்ந்தெடுத்தது நாயகனையும் அல்ல, வில்லனையும் அல்ல. குக்கை.

டோரி என்ற குடியானவன். தெற்குக்காரன், அலபாமா. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தின் பெருமையை இன்னும் சுமந்து திரிகிறவன். அதனால், தெற்குத் தளபதி ஜாக்சனின் பட்டப்பெயரையே வைத்து "ஸ்டோன்வால்" என்று கேலிப்பெயர். மற்ற குடியானவர்கள் அவனைச் சீண்டி ரசிப்பார்கள், அவனும் எகிறுவான். படத்தின் முதல் பாதியில் டோரி ஏறக்குறைய ஒரு நகைச்சுவைப் பாத்திரம். இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள். நாம் சிரித்துப் பழகிய ஆள் ஒருவன் வேண்டும்.

நகரம் என்றால் ஒரு தெரு. தெரு என்றால் சேறு. வானத்தில் மேகம் கவிந்து இடி உருள்கிறது. டோரியும் ஷிப்ஸ்டெட் என்ற கூட்டாளியும் வருகிறார்கள். சாராயக் கடை முன்னால் உயரமான பலகை நடைபாதையில் நடிகர் ஜாக் பேலன்ஸ், குடியானவர்களை விரட்டக் கூட்டி வந்த கூலிக்கொலைகாரன் வில்சனாக. டோரி அவனை நோக்கிச் சேற்றில் நடக்கிறான். கால் வழுக்குகிறது, கையை அகட்டிச் சமாளிக்கிறான். வில்சன் மேலே பலகையில் அதே வேகத்தில் நிதானமாக இணையாக நடக்கிறான், பூட்ஸில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. ஒருவன் மேலே, ஒருவன் கீழே. ஒருவனுக்குக் காலடியில் பிடிப்பு, ஒருவனுக்கு வழுக்கல். சண்டையின் முடிவு இந்த ஏற்பாட்டிலேயே எழுதியாகிவிட்டது. வில்சன் கையுறையை இழுத்து மாட்டிக்கொள்கிறான். ஸ்டோன்வால் ஜாக்சனும் லீயும் மற்ற தெற்கத்தியாரும் குப்பை, நீயும் குப்பை என்கிறான். டோரி அவனைப் பொய்யன் என்கிறான். நிரூபி என்கிறான் வில்சன்.

டோரி துப்பாக்கியை எடுக்கிறான், பாதிதான் வெளியே வருகிறது. வில்சனின் துப்பாக்கி ஏற்கனவே அவன் மேல் குறி வைத்து நிற்கிறது. ஆனால் வில்சன் உடனே சுடவில்லை. ஒரு சின்ன இடைவெளி. நடிகர் குக்கின் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கை பாதியில் நிற்கிறது. மேலே தூக்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது. முகத்தில் வீரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. விஷயம் விளங்கிவிட்ட முகம். வாய்ச்சவடால் எல்லாம் வடிந்து, வெறும் ஒரு மனுஷன் சேற்றில் நிற்கிறான். அப்போதுதான் வெடிக்கிறது.

சத்தம் பீரங்கி மாதிரி இருக்கும். பெரிய ரகத் துப்பாக்கி ஒன்றைக் குப்பைத் தொட்டிக்குள் சுட்டு அந்த ஓசையை உண்டாக்கினார்கள். கூடவே டோரி முன்னால் விழவில்லை, பக்கத்திலும் விழவில்லை. யாரோ முதுகைப் பிடித்து இழுத்த மாதிரி பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் மல்லாந்து விழுகிறான். இழுத்தார்கள்தான். குக்கின் உடம்பில் மறைவாகக் கம்பி கட்டியிருந்தது.

இந்தக் கம்பி வேலை சொல்லக் கேட்க எளிது, செய்யக் கடினம். பொதுவாகச் சட்டைக்கு அடியில் கனமான துணியாலோ தோலாலோ ஒரு கச்சை. தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு வளையம். சட்டையின் முதுகில் துளை போட்டு மெல்லிய எஃகுக் கம்பியை வெளியே எடுத்து, கேமராவுக்குத் தெரியாத தூரத்தில் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். கேமரா முன்னால் இருப்பதால் நடிகரின் உடம்பே கம்பியை மறைத்துவிடும். கம்பி தொய்வாக இருந்தால் சத்தம் வந்து அரை நொடி கழித்துத்தான் உடம்பு நகரும், பார்க்கிறவன் சிரித்துவிடுவான். முன்கூட்டியே இழுத்து விறைப்பாக வைத்தாலோ நடிகர் தன்னையறியாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்பார், ஏதோ நடக்கப் போகிறது என்று உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். வெயில் சுள்ளென்று அடித்தால் கம்பி மினுங்கும். நடிகர் பக்கத்துச் சிக்கல் இன்னும் மோசம். இழுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே தெரியாதவர் மாதிரி நிற்க வேண்டும். தோள் விறைக்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது. முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரக்கட்டை மாதிரி சாய்வார். காற்றில் இருக்கும்போதே முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். ஆனால் அது தற்காப்பு என்று தெரியவும் கூடாது. குக் சுடப்படுவதற்கு முந்தைய கணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தோளில் ஒரு துளி எதிர்பார்ப்பு கிடையாது.

அந்தச் சேறு வெறும் அழகுக்காகவும் இல்லை. வழுக்கும் தரையில் குதிகால் இழுபடும். அதே ஆள் காய்ந்த தரையில் தடுக்கி விழுந்தவன் மாதிரி தெரிவான். ரத்தம் பீய்ச்சுகிற ஒரு ஷாட்கூட இல்லாமல், வெறும் சத்தம், வேகம், சேறு மூன்றையும் வைத்து, ஒரு தோட்டா உடம்பை என்ன செய்யும் என்பதைக் காட்டிவிட்டார்கள். பிறகு ஷிப்ஸ்டெட் தனியாக அந்த உடம்பைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போவதையும் கேமரா விடாமல் காட்டுகிறது. பிணத்துக்குக் கனம் உண்டு என்பதையே அதுவரை கௌபாய் படங்கள் மறந்திருந்தன. ஜாக் பேலன்ஸ் எலைஷா குக்கைச் சுட்ட அன்றைக்குத்தான் எல்லாம் மாற ஆரம்பித்தது என்ற பொருளில் இயக்குநர் சாம் பெக்கின்பா பின்னாளில் சொன்னார். திரை வன்முறையை 1969இல் "த வைல்ட் பன்ச்" படத்தால் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ஆள் சொன்னது அது. தன் "பேட் காரெட் அண்ட் பில்லி த கிட்" (1973) படத்துக்கு அவர் குக்கைக் கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை.

இந்த இடத்தில் படத்தின் நட்சத்திரங்களான ஆலன் லாடையோ வான் ஹெஃப்லினையோ நிறுத்திப் பாருங்கள், நடக்காது. நட்சத்திரம் சேற்றில் விழுந்தால் அது சோக காவியம் ஆகிவிடும், இசை எழும்பும். முகமே தெரியாத யாரோ விழுந்தால் நமக்கென்ன என்று போய்விடுவோம். தெரிந்த முகமாகவும் இருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்க ஆளில்லாத முகமாகவும் இருக்க வேண்டும். பதினைந்து வருஷமாகப் பார்வையாளர்கள் குக்கோடு அப்படித்தான் பழகியிருந்தார்கள்.

மலையிலிருந்து இறங்கி வந்தவர்

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் "த கில்லிங்" (1956) வந்தபோது இந்தப் பழக்கத்தையே ஒரு ஆயுதமாக்கினார்கள். குதிரைப் பந்தய மைதானத்தில் காசாளர் ஜார்ஜ் பீட்டி. மனைவி ஷெர்ரியாக மேரி வின்ட்சர், குக்கைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு உயரம், வாய் அதைவிட உயரம். அவளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே ஆசையில் பெரிய கொள்ளையைப் பற்றி வாயை விடுகிறான். நொடிக்கு நொடி கணக்குப் போட்ட திட்டம் அந்த ஒரு ஓட்டையில் ஒழுகிப் போகிறது. ஆனால் இந்தத் தடவை குக் சும்மா சாகவில்லை. மறைவிலிருந்து வெளியே வந்து சுட்டு அறையையே பிணக்காடாக்கிவிட்டு, முகமெல்லாம் ரத்தமாக வீட்டுக்குப் போய் மனைவியையும் சுட்டுவிட்டு, கிளிக்கூண்டோடு சாய்கிறார். அதுவரை அவரை மிதித்த எல்லாப் படத்துக்கும் சேர்த்து வட்டி கட்டின மாதிரி இருக்கும்.

இவ்வளவும் செய்தவர் ஹாலிவுட்டில் குடியிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சியரா நெவாடா மலைப்பக்கம், பிஷப் ஊரை ஒட்டிய பகுதியில் இருந்துகொண்டு, தூண்டிலுக்கு இறகு ஈக்களைக் கட்டி டிரௌட் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். வேஷம் இருந்தால் ஆள் அனுப்பித் தகவல் சொல்வார்கள், இறங்கி வந்து நடித்துவிட்டு மறுபடி மலையேறிவிடுவார் என்று "மால்டீஸ் ஃபால்கன்" இயக்குநர் ஜான் ஹஸ்டன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆஸ்கருக்கு ஒரு முறைகூட அவர் பெயரை முன்மொழியவில்லை. துணை நடிகர் விருது 1930களிலிருந்தே இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கண்ணீர் விட ஒரு நீண்ட காட்சியாவது கிடைத்தவர்களுக்குத்தான் போகும். குக்குக்கு அந்த நீளம் கிடைக்கவே இல்லை.

கடைசிக் காலத்து வேலைகளில் எனக்குப் பிடித்தது "ரோஸ்மேரீஸ் பேபி" (1968). படத்தின் தொடக்கத்தில் இளம் தம்பதிக்கு அடுக்ககத்தைச் சுற்றிக் காட்டும் வாடகை முகவர். ஒரு கனமான அலமாரி இடம் மாறிக் கதவை மறைத்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துப் புருவம் சுருக்குகிறார், அதை நகர்த்துகிறார்கள், பின்னால் சாதாரணத் துணி அறை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று நமக்கு உறைத்துவிடுகிறது, காரணம் கவலைப்பட்டவர் எலைஷா குக். சாகவும் இல்லை, மிரட்டவும் இல்லை, வீடு காட்டினார், அவ்வளவுதான். தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவரை 1980களின் "மேக்னம் பி.ஐ." தொடரில் வந்த ஐஸ்பிக் என்ற கிழட்டு தாதாவாகத்தான் தெரியும். 1995 மே மாதம், 91ஆம் வயதில், கலிஃபோர்னியாவில் பிக் பைன் என்ற மலையடிவார ஊரில் காலமானார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் "ஷேன்" படத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் "மால்டீஸ் ஃபால்கன்", பிறகு "பிக் ஸ்லீப்", இரண்டையும் பார்த்து அந்த முகத்தோடு பழகின பிறகு "ஷேன்". டோரியைச் சீண்டும் காட்சிகள் வரும்போது ஓட்டிவிடவும் வேண்டாம். அங்கே சிரிக்காதவர்களுக்குச் சேற்றுக் காட்சி பாதிதான் வேலை செய்யும்.